குகைக்குள் நுழைந்த புதியவர்கள்

கணினி தெரியாதவர்களும் மிரளாமல் ஆட வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 'அட்வென்ச்சர்'.

அமெரிக்க நிரலாளர் வில் க்ரௌதர், கென்டக்கியின் மாமத் குகையை அளந்து வரைந்தவர். மணமுறிவுக்குப் பிறகு, பிரிந்திருந்த தன் மகள்களுக்காக 1975-76 வாக்கில் இதை எழுதினார். படம் கிடையாது, வெறும் எழுத்துதான். 'விளக்கை எடு' என்பதுபோல ஆங்கிலத்தில் இரண்டு சொல் தட்டினால் போதும், குகை விரியும். 1977-ல் டான் வுட்ஸ் இன்னும் நிறைய மாயங்களைச் சேர்த்தார்.

பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த ராபர்ட்டா வில்லியம்ஸ் தற்செயலாக இதை ஆடத் தொடங்கி, அதிலேயே மூழ்கிப்போனார். முடித்ததும் அடுத்ததைத் தேடினார், ஆசை தீரவில்லை. தானே கதை எழுதினார், கணவர் கென் நிரல் எழுதினார். 1980-ல் படங்களோடு 'மிஸ்டரி ஹவுஸ்' வந்தது. 1984-ல் 'கிங்ஸ் குவெஸ்ட்'.

மகள்களுக்காக ஒரு அப்பா திறந்த வாசல் அது. புதிதாக வந்தவர்தான் அதை அகலமாக்கினார்.