கருணாபுரம் நச்சுச் சாராயச் சாவுகள்

கருணாபுரம் நச்சுச் சாராயச் சாவுகள் என்பது 2024 சூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி நகரிலுள்ள கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்த 60-இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நிகழ்வு ஆகும்.

மறுப்பு

சூன் 19 அன்று முதற்சாவுகள் நிகழ்ந்தபோது, சாராயமே காரணம் என்பதை மாவட்ட ஆட்சியர் மறுத்தார். வலிப்பு, வயிற்றுக்கோளாறு போன்றவை காரணங்களாகக் கூறப்பட்டன. பின்னர் ஆய்வில் மெத்தனால் உறுதியானது. மறுப்பை நம்பிச் சிலர் மருத்துவமனை செல்லத் தாமதித்தனர் என்றும், மீண்டும் குடித்தனர் என்றும் குற்றஞ்சாட்டப்பட்டது.

மெத்தனால் கல்லீரலில் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். இம்மாற்றத்துக்குப் பல மணிநேரம் ஆவதால், குடித்தவர் முதலில் நலமாகவே காணப்படுவார். அவ்விடைவெளியில் மாற்று மருந்து கொடுத்தால் பிழைக்க வைக்கலாம். எனவே இத்தகைய நிகழ்வுகளில் முதல் அறிவிப்பு உயிர்காக்கும் தன்மையுடையது.

கல்வராயன் மலை

சாவுகளுக்குப் பின் காவல்துறையினர் கல்வராயன் மலையில் சோதனை நடத்திச் சாராய ஊறல்களை அழித்தனர். ஆயினும் மெத்தனால் ஊறலில் காய்ச்சி எடுக்கப்படுவதன்று; அது ஆலைகளில் பயன்படும் வேதிப்பொருள்.

விசாரணை

ஆட்சியர் இடமாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் மாநில அரசு ஒருநபர் ஆணையம் அமைத்தது. மாநிலக் காவல்துறையின் விசாரணையை ஏற்காது தொடரப்பட்ட வழக்குகளில், சென்னை உயர் நீதிமன்றம் 2024 நவம்பர் 20 அன்று விசாரணையை நடுவண் புலனாய்வுச் செயலகத்திடம் ஒப்படைத்தது. இதனை எதிர்த்த மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் திசம்பரில் தள்ளுபடி செய்தது.