தாமதத்துக்கும் ஒரு விலை

ஐரோப்பிய விமானப் பயணிகளின் இழப்பீட்டு உரிமையைச் சட்டம் பாதிதான் தந்தது. மீதியைப் பெற்றுத்தந்தது நீதிமன்றம். 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 261/2004 விதி, விமானம் ரத்தானால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை தரச் சொன்னது. தாமதமானால் சாப்பாடு, தங்குமிடம் போன்ற உதவிகள்தான். ஆகவே டொராண்டோவிலிருந்து பிராங்க்பர்ட்டுக்குச் சுமார் 25 மணி நேரம் பிந்தி வந்த குடும்பத்திடம் நிறுவனம் ‘இது ரத்து அல்ல, தாமதம்’ என்று வாதாட முடிந்தது. அந்த வழக்கில் 2009 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கும் அதே இழப்பீடு உண்டு என்றது.

சட்டத்தில் இல்லாததை நீதிபதிகள் எழுதிவிட்டார்கள் என்று நிறுவனங்கள் கொதித்தன. வாசகத்தை மட்டும் பார்த்தால் அதில் நியாயமுண்டு. ஆனால் கடைசி நேரத்தில் ரத்தாகி, மாற்று விமானத்தில் 3 மணி நேரம் இழந்தவருக்கு அதே விதி பணம் தருகிறது; அதே நேரத்தை இழந்த இன்னொருவரை எந்த நியாயத்தில் வெறுங்கையோடு அனுப்புவது? புயல் போன்ற தவிர்க்கமுடியாத காரணங்களுக்கு விலக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.