மர எழுத்து பிறந்த கதை

ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18 அன்று, மழைக்கு நடுவே தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. மேடையையும் சுவரொட்டியையும் நம்பி வளர்ந்த அரசியல் அது. எதிர்ச்சாரியில் நடந்து போகிறவர் கண்ணில் பட வேண்டுமானால் எழுத்து கையகலம் இருக்க வேண்டும். அந்த அளவுக்கு ஈயத்தை வார்த்தால் பாரம் தாங்காது. ஆறும்போது முகம் குழிந்துவிடும், மை சீராக ஒட்டாது. அதனால்தான் பெரிய எழுத்துக்கு மரம் வந்தது, அதுவும் இந்த அரசியலுக்கு வெகு காலம் முன்பே.

மரத்தில் எழுத்தைக் கையால் செதுக்குவது பழைய வேலை. அதைத் தொழிற்சாலைச் சரக்காக்கியவர் நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ். 1827இல் சுழன்று வெட்டும் கருவி ஒன்றை அமைத்தார். மறு ஆண்டே மாதிரிப் பட்டியல் வெளியிட்டார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அக்கருவியோடு பாண்டோகிராப்பை இணைத்தார். ஒரு முனையில் மாதிரி எழுத்தின் விளிம்பைத் தடவிப் போனால், மறுமுனை வேண்டிய அளவில் அதையே வெட்டித் தரும். பிறகு கனெக்டிகட்டில் வில்லியம் பேஜ், 1880இல் விஸ்கான்சினில் ஹாமில்டன், 1888இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் டிலிட்டில் என்று பெயர்கள் பெருகின.

பழைய மர எழுத்துக் கட்டை யார் செய்தது என்று அறிய வழி உண்டு. ஆங்கிலக் கட்டை கையில் கிடைத்தால் முதலில் 'ஏ' எழுத்தைத் தேடி எடுங்கள். செய்தவர்கள் பலர் தங்கள் முத்திரையை அதன் பக்கவாட்டில்தான் குத்தினார்கள். முத்திரை இல்லையென்றால் மரத்தைப் பாருங்கள். வழக்கமான கட்டையில் அச்சு முகம் மரத்தின் குறுக்குவெட்டு. ஹாமில்டன் தொடக்கத்தில் ஹாலி மரத்தில் எழுத்தை மெல்லியதாக அறுத்து மட்டமான கட்டைமேல் ஒட்டினார். விலை குறைந்தது, போட்டியாளர்கள் சாய்ந்தார்கள். அந்த ஒட்டு பக்கவாட்டில் கோடாகத் தெரியும். உயரத்தையும் அளந்துவிடுங்கள். நம் அச்சுக்கூடங்கள் கொண்டது ஆங்கிலேய உயரமான 0.918 அங்குலம், ஜெர்மன், பிரெஞ்சு எழுத்து அதைவிடச் சற்று உயரம்.

தமிழ்க் கட்டைக்கு வழி வேறு. அங்கே காலத்தைச் சொல்வது எழுத்தின் உருவம். உகர ஊகார வரிசைக்கே 36 தனி உரு வேண்டும். அதற்கு மேல் ணா, றா, னா மூன்றும் சுழித்த பழைய வடிவில். ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை தூக்கியதுபோல். 1978இல் தமிழக அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றபோது மாறியவை 13. அவற்றில் ஒகர ஓகார எழுத்துகள் ஆறும் ணா, றா, னாவின் பழைய உருவையே கொண்டு கோத்தவை. ஆகவே எழுத்துகளை வைக்கும் கேஸில் தேட வேண்டியவை மற்ற ஏழுதான். அவை இருந்தால் அந்த செட் 1978க்கு முன்பு வெட்டியது என்று ஏறக்குறைய துணிந்து சொல்லலாம்.

அவை இல்லையென்றால் மட்டும் அவசரப்படக் கூடாது. பெரியார் தம் 'குடி அரசு' இதழில் 1935இலேயே புது வடிவத்துக்கு மாறிவிட்டார். அவரது இயக்க அச்சகத்துக்காக வெட்டிய கட்டை அரசாணைக்கு நாற்பதாண்டு மூத்ததாகவும் இருக்கலாம்.

இப்போது இந்தக் கட்டைகளை அலங்காரப் பொருளாக ஒவ்வொன்றாகப் பிரித்து விற்கிறார்கள். பார்க்கவே மனம் பதைக்கிறது. தும்பிக்கை லை ஒரு வீட்டுக்கும் சுழித்த றா இன்னொரு வீட்டுக்கும் போய்விட்டால், மீதமுள்ள க, ப, ம வைத்து எந்த ஆண்டையும் கண்டுபிடிக்க முடியாது. விற்பவர்கள் செட்டைக் கலைக்கும் முன் ஒவ்வொரு உருவிலும் ஒரு பிரதியாவது தாளில் ஒற்றி எடுத்து வைக்க வேண்டும். கட்டைகளின் பக்கவாட்டையும் படம் எடுக்க வேண்டும்.