பல்பொருள் தடமறி ரேடார்

பல்பொருள் தடமறி ரேடார் என்பது விண்ணில் செல்லும் பல பொருட்களை ஒரே நேரத்தில் பின்தொடர்ந்து, அவற்றின் தொலைவு, திசை, வேகம் ஆகியவற்றை அளக்கும் கருவியாகும். இந்திய விண்வெளி ஆய்வு மையம் (இஸ்ரோ) இதனை ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீஹரிகோட்டாவில் நிறுவியுள்ளது. 2015ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கிய இது, ஏவுகலங்களையும் விண்வெளிக் கழிவுகளையும் கண்காணிக்கிறது.

அமைப்பு

வழக்கமான தடமறி ரேடாரின் கிண்ண வடிவ அலைவாங்கி, ஒரு பொருளை நோக்கியே திரும்பிச் செல்லும். எனவே ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே பின்தொடர இயலும். பல்பொருள் ரேடாரில் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் உயரமும் உள்ள தட்டையான பரப்பில் 4,608 கதிர்வீசிகள் அமைந்துள்ளன. இவை வெளியிடும் அலைகளின் கட்டங்களை மாற்றுவதால், பரப்பை அசைக்காமலேயே கற்றை வேறு திசைக்கு உடனடியாகத் திரும்புகிறது. இவ்வாறு 10 பொருட்களை ஒருங்கே பின்தொடரலாம். இது எல் அலைப்பட்டையில் இயங்குகிறது. இதன் அலைநீளம் சுமார் 23 செமீ ஆகும்.

ஏவுகலக் கண்காணிப்பு

ஏவுகலம் பாதை விலகினால் அது மக்கள் வாழும் பகுதியில் விழக்கூடும். எனவே ஏவுதளப் பாதுகாப்பு அதிகாரி, ரேடார் முதலிய தடமறி கருவிகள் தரும் பாதையை நொடிதோறும் கவனிப்பார். 2010 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜிஎஸ்எல்வி-எஃப்06 கட்டுப்பாட்டை இழந்ததால், புறப்பட்ட சுமார் ஒரு நிமிடத்தில் தரையிலிருந்து அனுப்பிய கட்டளையால் அழிக்கப்பட்டது.

விண்வெளிக் கழிவுகள்

ஏவுகலத்தில் உள்ள மறுமொழிக் கருவி, ரேடார் துடிப்பைப் பெற்று வலுவான துடிப்பைத் திருப்பி அனுப்பும். கழிவுகளில் அத்தகைய கருவி இல்லை. அவற்றில் பட்டுத் தெறிக்கும் மெல்லிய எதிரொலியே கிடைக்கும். எதிரொலியின் வலு தொலைவின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், தொலைவு இருமடங்கானால் வலு 16இல் ஒரு பங்காகக் குறையும். அலைநீளத்தைவிட மிகச் சிறிய துண்டுகளின் எதிரொலி மேலும் விரைவாகத் தேயும்.

சிறு துண்டுகளும் பேரழிவை உண்டாக்க வல்லவை. தாழ் புவிச் சுற்றுப்பாதையில் அவற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 7.5 கிமீ ஆகும். 2009 பெப்ரவரி 10 அன்று இரிடியம் 33 செயற்கைக்கோளும் செயலிழந்த காஸ்மாஸ் 2251 செயற்கைக்கோளும் சைபீரியாவுக்கு மேலே மோதிச் சிதறின.

இதனைத் தவிர்க்க, ஏவுகலத்தின் பாதை முன்கூட்டியே அறியப்பட்ட பொருட்களின் பாதைகளுடன் ஒப்பிடப்படுகிறது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 இக்காரணத்தால் 4 நொடிகள் தாமதமாக ஏவப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

* ரேடார்
* விண்வெளிக் கழிவு
* சதீஷ் தவான் விண்வெளி மையம்