உழைச்செல்வார்: முசலிக் கரையின் பிணியாளர் பராமரிப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் மருத்துவர். அடுத்து வருவது மருந்து. ஆயின், திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துள்ளார். பிணியுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றனோடு, பிணியாளன் பக்கத்திருந்து பேணுவோனாகிய ‘உழைச்செல்வா’னையும் அவர் சேர்த்து எண்ணினார். வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையும் இந்நாற்கூற்றினை உடன்படுகின்றது. நால்வகையுள் முன்னைய மூன்றற்கும் வரலாறு உண்டு. நான்காவதற்கோ, நம் நாட்டளவில், முறையாக எழுதப்பெற்ற வரலாறு மிகச் சிறிது. அக்குறையினை ஒரு சிறு நிலப்பரப்பினை எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நிலப்பரப்பு, மன்னார் மாவட்டத்தின் தென்கரையிலுள்ள முசலி. அருவி ஆறு கடலொடு கலக்கும் அரிப்புப் பகுதி தொடங்கி, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் எனத் தெற்கே வில்பத்துக் காட்டினை நோக்கிச் செல்லும் இக்கரை, முத்துக்குளிப்பினாற் பெயர்பெற்றது. சரித்திர நூல்கள் இதன் முத்துச் செல்வத்தை விரித்துரைக்கும். யாம் ஈண்டு வினவுவது வேறொன்று: இக்கரையிற் பிணியுற்று வீழ்ந்தோர் பக்கத்தில் யார் இருந்தனர்?

சிப்பிக் கணக்கும் பிணியாளர் கணக்கும்

ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றிய 1796ஆம் ஆண்டிலேயே முத்துக்குளிப்பினைத் தொடங்கினர். முதல் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் இக்குளிப்பினை மேற்பார்வை செய்தற்பொருட்டு அரிப்பிற் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு கடலரிப்பிற்கு உள்ளாகியுள்ளது. குளிப்புக் காலத்தில், ஆளில்லா மணற்கரையில் ஓலைக் கொட்டில்களாலாகிய நகரமொன்று சில கிழமைகளுள் எழும். குளிப்பு முடிந்ததும் மறையும். 1905இல் மறிச்சுக்கட்டியில் எழுந்த நகரிற் சுமார் 40,000 மக்கள் திரண்டனர். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், அராபியக் கரை முதலாய இடங்களினின்று குளிகாரரும், அவர்தம் கயிறு பிடிப்போரும், வணிகரும் வந்து குழுமினர். நீதிமன்றம், சிறை, தபாற் கந்தோர் ஆகியவற்றோடு தற்காலிக வைத்தியசாலையொன்றும் அமைக்கப்பெற்றது.

‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைப்பினுள் சிப்பிகள் கணக்கிடப்பெற்றன. மூன்றில் இரு பங்கு அரசினர்க்கும், ஒரு பங்கு குளித்தோர்க்கும் உரியன. அரசினர் பங்கு ஆயிரம் ஆயிரமாக இரவில் ஏலமிடப்பட்டது. 1905ஆம் ஆண்டில் எண்ணப்பெற்ற சிப்பிகள் 8 கோடிக்கு மேற்பட்டன. அரசினர் பெற்ற வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபா. சிப்பியினத்தின் நலத்தினை ஆராய்தற்கென 1902இல் பேராசிரியர் ஹேட்மன் இங்கிலாந்தினின்று வரவழைக்கப்பட்டார். அவரும் உதவியாளர் ஹோர்னலும் ஆய்ந்த முடிபுகள் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. சிப்பியைப் பற்றும் புழுவும் அவற்றில் ஆராயப்பட்டது.

குளிகாரனைப் பற்றிய பிணிக்கு அத்தகைய தொகுதிகள் எழவில்லை. கல்லைக் காலிற் கோத்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கி, நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை ஆழ்கடலில் இறங்கியவன் அவன். செவியினும் மூக்கினும் குருதி வடிய அவன் கரையேறியமையைப் பிரயாணிகள் வியப்போடு குறித்துள்ளனர். அழுகவிட்ட சிப்பிக் குவியல்களில் ஈ மொய்த்தது; நன்னீர் அருகியது; பல்லாயிரவர் ஒரே மணலிற் கிடந்தனர். இத்தகைய இடத்தில் வாந்திபேதி புகுமாயின் விளைவினைக் கூறவேண்டுவதில்லை. எனவேதான் குளிப்பு அதிகாரிகள் கடற்புயலினும் கொள்ளை நோய்க்கு அஞ்சினர். அவர்தம் அச்சம் நகரம் கலையுமே என்பது பற்றியதாக இருந்தது. கொட்டிலினுள் கிடந்தவனுக்கு நீர் வார்த்தவர் எவர் என்பது ஏட்டில் இடம்பெறவில்லை. உடன்வந்த கயிறுபிடிப்போனும் ஊர்த்துணையுமே அவனுக்கு உழைச்செல்வார் ஆயினர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

வடபாதை

முத்துக்குளிப்புச் சில ஆண்டுகளில் நிகழ்ந்தது. பல ஆண்டுகளில் நிகழாதும் போயிற்று. ஆயின், கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1830களின் பின்னர், மன்னார்க் கரைக்கு ஆண்டுதோறும் மக்கள் வெள்ளம் வந்தது. தலைமன்னார், வங்காலை, அரிப்பு முதலாய இறங்குதுறைகளில் தோணியினின்று இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், காட்டினூடாக நூறு மைலுக்கும் மேற்பட்ட வழியை நடந்தே மாத்தளையை அடைந்தனர். அவ்வழியே வடபாதை எனப்பட்டது.

அப்பாதையில் இறந்தோர் தொகை இன்றுவரை வழக்கிற்குரியதாக உள்ளது. 1841 முதல் 1848 வரை வந்தோருள் நால்வரில் ஒருவர், அஃதாவது சுமார் 70,000 பேர், மாண்டனர் எனக் கொழும்புப் பத்திரிகையொன்று 1849இல் கணித்தது. இது மிகைக் கணக்கென ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர். எத்துணை பேர் என்பதில் மாறுபாடு இருப்பினும், வழியிற் பலர் மாண்டனர் என்பதில் மாறுபாடில்லை. ஒருபுறம் சிப்பியைக் கோடிவரை எண்ணிய கரை. மறுபுறம் மனிதரை எண்ணாது விட்ட பாதை. இவ்விரண்டும் ஒரே கரையிலேயே தொடங்கின என்பது நாம் மனங்கொள்ள வேண்டியதொன்றாம்.

பிற்காலத்தில் பாதையோரம் கிணறுகளும் தங்குமடங்களும் வைத்தியக் கொட்டில்களும் அமைக்கப்பட்டன. தோட்டங்களிலுள்ளோர்க்கு வைத்திய வசதி அளிக்குமாறு 1872இல் கட்டளைச் சட்டம் பிறந்தது. கொள்ளை நோய் அச்சத்தால் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை மூடப்பட்டது. 1914இல் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியபின் மண்டபம் முகாம் பரிசோதனைத் தலமாயிற்று.

ஓருடலிற் பல பிணி

இவ்வழியில் வீழ்ந்தவன் எந்நோயால் வீழ்ந்தான்? பதிவேடு ஒரு சொல்லிற் கூறும்: பேதி, அல்லது காய்ச்சல். உண்மை அத்துணை எளிதன்று. ஊரிற் பஞ்சத்தால் மெலிந்தவன் அவன். கொழுக்கிப்புழு அவன் குருதியை உறிஞ்சியிருக்கும். மலேரியா மண்ணீரலை வீங்கச் செய்திருக்கும். காலிற் புண் இருக்கும். இத்துணைக்கும் மேல் வந்த வயிற்றுளைவு இறுதிக் காரணமாகும். ஒன்றற்கு மருந்து கொடுத்தால் மற்றொன்று தலைதூக்கும். கருவுற்ற பெண்ணாயின் இவ்விடர் இருமடங்காம். இத்தகைய சிக்கலான பிணிநிலையில், மருந்தினும் முதன்மை பெறுவது இடையறாத கவனிப்பே. எவ்வேளையில் நடுங்கினான், எத்துணை நீர் குடித்தான், சிறுநீர் கழிந்ததா, புத்தி தெளிந்துள்ளதா என்பவற்றை நாள் முழுதும் கண்டறிபவர் மருத்துவர் அல்லர், பக்கத்திருப்பவரே ஆவர்.

வாந்திபேதியின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும். உடலினின்று நீரும் உப்பும் வெளியேறுதலே மரணத்திற்குக் காரணமாகும். ஸ்கொட்லாந்தில் தொமஸ் லாற்றா என்பார் 1832இலேயே உப்புநீரை நாளத்திற் செலுத்திக் காட்டினார். அம்முறை பல்லாண்டு புறக்கணிக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கல்கத்தாவில் லெனாட் ரொஜர்ஸ் என்பவரால் மீண்டும் நிலைநாட்டப்பெற்றது. 1971இல் வங்காள அகதிகள் எல்லை கடந்து பொங்காவ் என்னும் ஊரிற் குவிந்தபொழுது, நாளத்திற் செலுத்தும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. அங்கு பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரினைப் பிணியாளரின் உறவினர் கையிலேயே கொடுத்து, இடைவிடாது புகட்டுமாறு பணித்தார். முப்பது வீதமளவில் இருந்த இறப்பு நான்கு வீதத்திற்குங் குறைந்தது. மறிச்சுக்கட்டிக் கொட்டிலிலும் வடபாதை மரநிழலிலும் இல்லாதுபோனது அரிய மருந்தன்று. செய்யும் முறையை அறிந்த ஒருவர் பக்கத்திருந்து நீர் வார்த்தலே என்பது இதனாற் புலனாகும்.

கவனிப்பு கல்வியான வரலாறு

பக்கத்திருத்தலைக் கல்வியாக்கிய பெருமை புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரைச் சாரும். 1854இற் கிரிமியப் போரின்போது பணியாற்றச் சென்ற அவர், பிணியாளரைப் பேணியதோடு அமையாது, இறந்தோரை எண்ணினார், காரணவாரியாகப் பகுத்தார், படமாக வரைந்து ஆட்சியாளர்முன் வைத்தார். போரிற்பட்ட காயத்தினும் வைத்தியசாலையின் சுகாதாரக் கேடே பெரும்பாலோரைக் கொன்றது என்பது அதனாற் புலப்பட்டது. 1860இல் இலண்டனில் அவர் பெயரால் தாதியர் பாடசாலை தொடங்கிற்று. தாதியர் ஆராய்ச்சியின் தொடக்கம் இதுவே எனலாம். எண்ணுதலும் பேணுதலும் ஒரே கையாற் செய்யப்பட்டமையே அதன் சிறப்பு.

யாழ்ப்பாணத்தில் இக்காலத்திலேயே வேறொரு முயற்சி நடைபெற்றது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியை நடத்தி, பின்னர் அதனைத் தமிழிலேயே புகட்டினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், வைத்தியாகரம் முதலாய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. இணுவிலில் 1898இல் தோன்றிய மக்லியொட் வைத்தியசாலை மகளிர்க்கென அமைந்து, தாதியரையும் பயிற்றியது. நோய்க்குரிய சொற்களைப் பிணியாளரின் தாய்மொழியில் அமைத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதைக் கிறீன் உணர்ந்திருந்தார். பிணியாளன் கூறும் ‘எரிவு’, ‘உளைவு’, ‘அந்தரிப்பு’ என்பவற்றின் நுட்ப வேறுபாடு பிறமொழியிற் பிடிபடாது.

பின்னாளில் தாதியம் பல்கலைக்கழகக் கல்வியாகவும் வளர்ந்தது. அமெரிக்காவில் 1952இல் தாதிய ஆராய்ச்சிக்கெனத் தனி ஏடு தோன்றியது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் தாதியப் பட்டப்படிப்பினைத் தொடங்கியது. வெளிவாரியாகப் பட்டம் பெற்றவனாகிய யான், வேலை பார்த்துக்கொண்டே இரவிற் படிக்கும் தாதியரின் அருமையை ஓரளவு அறிவேன்.

பழைய பிணியும் புதிய பிணியும்

முசலியை நெடுங்காலம் வாட்டிய மலேரியா இன்று நீங்கியுள்ளது. 1934–35இல் நாடெங்கும் சுமார் 80,000 உயிர்களைக் கொண்ட அந்நோய், 1963இல் 17 பேரளவிற் குறைந்து, அறுபதுகளின் இறுதியில் மீண்டும் இலட்சக் கணக்கானோரைப் பற்றியது. 2012இன் பின் உள்ளூரில் தொற்றிய நோயாளர் இன்மையால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுபடுத்தியது. எனினும் அடுத்து வந்த மாதங்களிலேயே மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் புதுவகை நுளம்பு காணப்பட்டமை, கவனம் தளரலாகாது என்பதற்கு எச்சரிக்கையாகும்.

1990இல் முசலியின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். போரின்போது ஏனையோரும் இடம்பெயர்ந்தனர். 2009இன் பின் மீண்டோருள் முதியோர் பலர் நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதய நோய் ஆகியவற்றை ஒருங்கே சுமந்து வந்தனர். அன்று வடபாதையிற் கண்ட ‘ஓருடலிற் பல பிணி’ இன்று வேறு வடிவில் வந்துள்ளது.

அப்பகுதிப் பாடசாலையொன்றில் யான் சில ஆண்டுகள் கற்பித்தேன். அங்கு பயின்ற மாணவியொருத்தியின் பாட்டனார்க்கு நீரிழிவும், இருதயப் பலவீனமும், ஆறாத காற்புண்ணும் இருந்தன. மூன்று நோய்க்கும் மூன்று நாளில் மூவேறு சிகிச்சைப் பிரிவு. மூன்று மருந்துச் சீட்டு. அவர் அடிக்கடி மயங்கி வீழ்ந்தார். பல மாதம் காரணம் புலப்படவில்லை. அச்சிறுமி பழைய கணிதக் கொப்பியொன்றின் பின்பக்கத்தில், பாட்டனார் உண்டது, உண்ணாதது, மருந்து எடுத்த வேளை, கால்வீக்கம், மயக்கம் என்பவற்றை நாள்தோறும் குறித்துவந்தாள். எதற்காக எழுதுகின்றாய் என வினவினேன். “டொக்டர் மாறுவார், கொப்பி மாறாது, சேர்” என்றாள்.

தாதியொருவர் அக்கொப்பியைப் பொறுமையோடு புரட்டினார். பசியின்றிச் சோற்றைத் தவிர்த்த நாட்களிலும் நீரிழிவு மாத்திரையை முழு அளவில் எடுத்தமையால் மயக்கம் வந்ததென்பதை அவர் கண்டு மருத்துவரிடம் கூறினார். மருந்தளவு மாற்றப்பட்டது, மயக்கம் நின்றது, புண்ணும் மெல்ல ஆறியது. அம்முதியவர் தம் காலோடு மேலும் மூன்றாண்டு வாழ்ந்தார்.

அக்கொப்பி ஆராய்ச்சி நூலன்று. ஆயினும் உற்று நோக்கல், குறித்தல், ஒப்பிடல், முடிவு காணல் என்னும் ஆராய்ச்சியின் உறுப்புக்கள் யாவும் அதன்கண் இருந்தன. நைற்றிங்கேல் அம்மையார் கிரிமியப் போரின்போது செய்ததும் இதனினும் வேறானதன்று, அளவினாலேயே வேறுபட்டது.

முடிவுரை

முசலிக் கரையில் நீர்வார்த்த கைகள் பல இருந்திருக்கும். அவற்றின் அறிவு எழுத்தேறாமையால் அவரோடு மறைந்தது. அடுத்து வந்தோர் முதலிலிருந்தே கற்க நேர்ந்தது. தாதியர் காண்பவற்றைக் கேட்டறியவும் பதிவுசெய்யவும் அவர்க்கு நேரமும் மதிப்பும் அளித்தல் வைத்தியசாலைகளின் கடனாகும். நம் கல்லூரியினின்று வெளியேறும் மாணவருள் மருத்துவராக விழைவோர் பலர். தாதியத்தை நாடுவோர் மிகச் சிலர். அந்நான்காம் கூறும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய துறையே என்பதனை ஆசிரியராகிய நாம் வகுப்பறையிற் கூறல் வேண்டும். எண்ணப்பட வேண்டியவை சிப்பிகள் மட்டுமல்ல என்பதே அக்கரை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.