ஒத்தியும் லீஸும்

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் புறநகர் ரயிலில் திருநின்றவூருக்கு அடுத்த நிலையம் வேப்பம்பட்டு. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை இவ்வழியேதான் செல்கிறது. அம்பத்தூர், ஆவடித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் மனை வாங்கி, கையில் காசு சேர்ந்தபோதெல்லாம் ஓர் அறையாகக் கட்டிக் குடியேறிய ஊர்களுள் ஒன்று. இத்தகைய ஊர்களில் இரண்டாவது வீடு வாங்க நினைப்பவர், வங்கிப் படியேறும் முன்பே செய்கிற காரியம் ஒன்றுண்டு. இருக்கும் வீட்டை லீஸுக்கு விட்டுவிடுவார். மாத வாடகை கிடையாது. குடிவருபவர் சில லட்சங்களை மொத்தமாகத் தருவார். இரண்டோ மூன்றோ ஆண்டு கழித்துக் காலி செய்யும்போது அதே தொகையை வட்டியின்றித் திரும்பப் பெறுவார். இடைப்பட்ட காலத்தில் அப்பணம் புது வீட்டின் முன்பணமாகியிருக்கும்.

லீஸ் என்ற சொல் இங்கே வந்து தலைகீழாகிவிட்டது. சட்டத்தில் அது வாடகைக் குத்தகை. சென்னைக்காரர் வாயில் வாடகையே இல்லாத ஏற்பாடு. தென்மாவட்டத்தார் இன்றும் சரியான சொல்லையே வைத்திருக்கிறார்கள்: ஒத்தி. கன்னட நாட்டில் போக்கியம்.

ஒற்றி என்பது நம் கல்வெட்டுகளுக்குத் தெரிந்த சொல். நிலத்தை விற்கவும் ஒற்றி வைக்கவும் உரிமையுண்டு என்று எழுதிக்கொடுப்பது பழைய ஆவணங்களின் வழக்கம். நிலத்தைக் கொடுத்துக் கடன் வாங்குவார்கள். விளைச்சலே வட்டிக்கு ஈடு. முதலைத் திருப்பினால் நிலம் மீளும். 1887இல் வெளியான வில்லியம் லோகனின் மலபார் நூலிலும் காணத்தோடு ஒற்றியும் பேசப்படுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதை அனுபவ அடமானம் என்று ஏற்றுக்கொண்டு, முதல் திரும்பும் வரை சொத்தைத் தன்வசம் வைத்திருக்கும் உரிமையைப் பணம் கொடுத்தவருக்கு அளித்தது. வயல் வீடானது, விளைச்சல் இருந்த இடத்தில் குடியிருப்பு வந்தது. கணக்கு மாறவில்லை.

ஆனால் அந்த உரிமை சும்மா வருவதில்லை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அனுபவ அடமானம், இரு சாட்சிகளோடு பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது அதே சட்டம். 1882இல் நூறு ரூபாய் பெருந்தொகை. இன்று அது ஒரு வேளைச் சாப்பாடு. நடப்பில் எழுதப்படுவதோ முத்திரைத்தாளில் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தாண்டக் கண்ட வழி அது. இதனால் கொடுக்கும்போது ஒத்தியாக இருந்த பணம், தாளில் வெறும் முன்பணமாகிவிடுகிறது. பிணை இல்லாத கடன்காரராக அந்தக் குடும்பம் நிற்கிறது. அந்த வீட்டின்மேல் ஏற்கெனவே வங்கிக்கடன் இருந்து தவணையும் தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலே வங்கி வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்கலாம்.

கொரியாவில் இதே ஏற்பாட்டுக்கு ஜொன்சே என்று பெயர். குடியிருப்பவர் தரும் பெருந்தொகையைக் கொண்டே அடுத்த வீட்டை வாங்கி, அதையும் ஜொன்சேவுக்கு விட்டு, மூன்றாவதை வாங்கியவர்கள் அங்கே ஏராளம். வீட்டு விலை ஏறும்வரை சங்கிலி அறுவதில்லை. 2022இல் விலை இறங்கியபோது பணத்தைத் திருப்ப முடியாமல் போனது, மோசடிகளும் வெளிவந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023இல் அந்நாடு தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

நம்மூரில் சங்கிலி அவ்வளவு நீளமில்லை. பெரும்பாலும் இரண்டு வீடுகளோடு முடிந்துவிடும். பணத்தைத் திருப்பும் வழியும் ஒன்றுதான்: அடுத்த குடித்தனக்காரர் தரும் தொகை. அவர் வரும்வரை, பழையவர் சாமான்களைக் கட்டி வைத்துக்கொண்டு அதே வீட்டில் காத்திருப்பார்.