பெற்றோரை வெளியே அனுப்பாத வீடு



தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் வீட்டில் நடந்ததை மாற்கு நற்செய்தியில் பலமுறை கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு வயதுச் சிறுமி படுக்கையில் கிடக்கிறாள். அழுது புலம்பிய கூட்டத்தை இயேசு வெளியே அனுப்பிவிடுகிறார். ஆனால் சிறுமியின் தந்தையையும் தாயையும் தம்மோடு உள்ளே அழைத்துச் செல்கிறார். பிள்ளை எழுந்து நடந்ததும், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொல்கிறார். வீட்டார் பதற்றத்தில் மறந்துவிடக்கூடிய காரியம் அது.

நம் காலத்து மருத்துவமனைகளோ நெடுங்காலம் இதற்கு நேர்மாறாக நடந்தன. 1950 வாக்கில் இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில், நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் வாரத்தில் ஒன்றிரண்டு முறை, அதுவும் ஓரிரு மணி நேரமே பார்க்கலாம். சில இடங்களில் பிள்ளை உறங்கிய பிறகுதான் அனுமதி. அம்மாவைக் கண்டால் குழந்தை அழுகிறது, போனதும் மறுபடி அழுகிறது, கிருமியும் பரவும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கொடுமைக்காரர்கள் அல்லர் அவர்கள். வார்டு அமைதியாக இருந்தால் பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள் என்று நம்பினார்கள்.

அந்த அமைதியை நம்பாதவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தனியே இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்து, 1952இல் மருத்துவர்களுக்குத் திரையிட்டார். அவள் அதிகம் அழவில்லை, அழுகையை அடக்கிக்கொண்டாள். பார்த்தவர்களில் பலருக்குக் கோபம்தான் வந்தது. ஆயினும் 1959இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. காலப்போக்கில் வார்டின் கதவு திறந்தது.

கதவு திறந்தது சரி. உள்ளே வந்த அம்மா இரவில் எங்கே படுப்பார்?

இந்தக் கேள்வியை மருத்துவ முன்னேற்றமே கூர்மையாக்கியது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் முன்பெல்லாம் சில வாரங்களில், மாதங்களில் இறந்துவிடுவார்கள். 1947இன் இறுதியில் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் மருந்தால் நோயைச் சற்றே பின்வாங்கச் செய்தார். அதன்பின் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீண்டது, அதுவும் பெருநகரங்களில் மட்டும். பிள்ளை பிழைக்கும் நம்பிக்கை வந்ததால்தான், ஊரைவிட்டு வந்த குடும்பம் தங்க இடம் தேட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஃபிரெட் ஹில் என்பவர் ஈகிள்ஸ் கால்பந்து அணியின் ஆட்டக்காரர். அவருடைய மகள் கிம்முக்கு மூன்று வயதில் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவரும் மனைவியும் மருத்துவமனை நாற்காலிகளில் உறங்கினார்கள். காசு போட்டால் தின்பண்டம் தரும் இயந்திரத்தை நம்பிப் பசியாறினார்கள். சுற்றிலும் அதே நிலையில் இருந்த மற்றப் பெற்றோரை அப்போதுதான் அவர் கவனித்தார். அவர்களில் பலர் தொலைவிலிருந்து வந்தவர்கள், விடுதிக்கு வாடகை கொடுக்க இயலாதவர்கள். வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் தகப்பன்மாரை நாமும் பார்த்திருக்கிறோமே!

அணியினர் நிதி திரட்டினார்கள். அணியின் மேலாளர் ஜிம் மரே, அகுஸ்தீன் சபையாரின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர் ஆட்ரி எவன்ஸிடம் போய், என்ன தேவை என்று கேட்டார். எவன்ஸ் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தவர், பாஸ்டனில் ஃபார்பரிடம் பயிற்சி பெற்றவர். ஆராய்ச்சிக்கும் கருவிகளுக்கும் அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆனாலும், மருத்துவமனைக்கு அருகே குடும்பங்கள் தங்க ஒரு வீடு வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

பணம் வந்த வழிதான் விந்தை. புனித பேட்ரிக் திருநாளையொட்டி மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் பச்சை நிற மில்க் ஷேக் விற்பது வழக்கம். அந்த விற்பனைப் பணத்தை மரே கேட்டார். நிறுவனத்தாரோ, வீட்டுக்குத் தங்கள் விளம்பரக் கோமாளியின் பெயரை வைக்கச் சொன்னார்கள். 1974 அக்டோபர் 15 அன்று ‘ரொனால்டு மெக்டொனால்டு இல்லம்’ திறக்கப்பட்டது. துன்பத்தின் வாசலில் வணிகப் பெயரா என்று எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. நாற்காலியில் உறங்கிய தாய்க்கு அன்றிரவு அது உறுத்தியிருக்காது.

இல்லம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. படுக்க ஓர் அறை, துணி துவைக்க இடம், எல்லாருக்கும் பொதுவான ஒரு சமையலறை. அந்தச் சமையலறையில்தான் ஒரு தாய் இன்னொரு தாயிடம், உன் பிள்ளைக்கும் முடி கொட்டிவிட்டதா என்று கேட்க முடிகிறது. மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளும் அங்கே வெளிவரும். இரண்டாவது இல்லம் 1977இல் சிகாகோவில் எழுந்தது. இன்று உலகெங்கும் 350க்கும் மேற்பட்ட இல்லங்கள் உள்ளன.

கிம் அந்த நோயிலிருந்து பிழைத்து வளர்ந்து பெரியவரானார். பின்னாளில் மூளைக் கட்டிகளால் துன்புற்று 2011இல், 44 வயதில் இறந்தார். மருத்துவர் எவன்ஸ் 2022இல் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 97.